ரயிலில் போகிறவருக்கு எந்த ஊர் தாசில்தார்?

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளாமல் டெல்டாவில் யாரும் வண்டி ஓட்டியிருக்க முடியாது. மன்னார்குடி வண்டிக்கு ஒரு தரம், நெல் ஏற்றும் சரக்கு ரயிலுக்கு ஒரு தரம், இன்ஜினைக் கழற்றி மாட்ட ஒரு தரம் என்று மூடிக்கொண்டே இருக்கும். ஒரு சம்பா நடவு சமயத்தில் காலை ஆறரை மணிக்கு அப்படி மாட்டிக்கொண்டேன். சரி, எப்படியும் அரை மணி நேரம் ஆகும் என்று பைக்கை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், ஸ்டேஷன் பக்கமிருந்து இருபது இருபத்தைந்து பேர் வரிசையாக வந்தார்கள். தலையில் மூட்டை, தோளில் பை, ஒருத்தர் கையில் பெரிய அலுமினியக் குண்டான். மேற்கு வங்கத்திலிருந்து நடவுக்கு வந்தவர்கள். பாதிக்கு மேல் ஆண்கள். நம் ஊரில் நடவு பெண்கள் வேலை என்றே பழகிவிட்ட கண்ணுக்கு அது இன்னும் புதுசாகத்தான் தெரிகிறது. கூட்டி வந்த மேஸ்திரிக்கு உடைந்த தமிழ் வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பி மூன்றாவது நாளாம். கடைசியாக எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். சென்னையில், நேற்று மத்தியானம் என்றார்.

அந்த மூன்று நாளில் இந்த இருபத்துச் சொச்சம் பேருக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு? வங்க அரசா, வழியில் இருக்கும் ஒடிசா, ஆந்திராவா, ரயில்வேயா, நம் அரசா, அல்லது போன் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே காத்திருக்கும் வயல்காரரா? டீ ஆறுவதற்குள் பதில் கிடைக்கிற கேள்வி இல்லை இது. கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் அரசு உதவி என்பது முகவரிக்குப் போவது. ஆளைத் தேடிப் போவது ரொம்பக் குறைவு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு நிவாரணம் எப்படி வந்தது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்கு விஏஓ பட்டியல், பயிருக்கு அடங்கல் என்கிற சாகுபடிப் பதிவேடு, பொருளுக்கு ரேஷன் கார்டு. இந்த மூன்றிலும் பெயர் இல்லாதவர், புயல் அன்று இந்த ஊரில் தூங்கிக்கொண்டிருந்தாலும், காகிதத்தில் இந்த ஊரில் இல்லை. ராமநாதபுரம் பக்கமிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வந்து அறுத்த வயலில் கிடை போடும் கீதாரிகளை நினைத்துப் பாருங்கள். வருஷத்தில் பாதியை நம் வயல்களில்தான் கழிக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய ரேஷன் கடை எங்கோ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுக்கவென்றே கட்டப்பட்ட இயந்திரம் இது. நகர்ந்துகொண்டிருப்பவர் அதன் கண்ணில் படுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், நகர்கிறவருக்கு உதவுவது எப்படி என்பதை இதே டெல்டா ஒரு காலத்தில் நன்றாக அறிந்திருந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்த நீடாமங்கலத்திலேயே தஞ்சை மராட்டிய அரசி யமுனாம்பாள் பெயரில் ஒரு சத்திரம் இருக்கிறது. ஒரத்தநாட்டில் 1800களின் தொடக்கத்தில் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம். இப்படி ராமேஸ்வரம் போகும் பாதை நெடுக வரிசையாகக் கட்டினார்கள். காசியிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் நடந்தார்கள்.

1799-இல் ஆங்கிலேயர்கள் தஞ்சாவூர் நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட பிறகு, சத்திரங்களுக்கு விடப்பட்ட கிராமங்களின் வருமானம் போய்விடுமோ என்ற பயம் சரபோஜிக்கு வந்தது. 1801-இல் தஞ்சையில் இருந்த ஆங்கிலேயப் பிரதிநிதி, அதாவது ரெசிடெண்ட், பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் என்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார்: வருகிற வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு, நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்வது, நோய் வந்து மேலே நடக்க முடியாதவர்களுக்கு வைத்தியரும் மருந்தும் பத்தியச் சாப்பாடும், தேறுகிற வரை, கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் பார்ப்பது, குழந்தைகளுக்குப் பால், வழியில் செத்துப்போனவர்களுக்கு அவரவர் வழக்கப்படி இறுதிக் காரியம்.

இந்தப் பட்டியலை இன்றைக்கு ஐ.நா. அமைப்பு ஒன்றின் கையேட்டுக்குள் செருகி வைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்காகச் சத்திரத்தைச் சொர்க்கமாக்கிவிடவும் கூடாது. யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில் சாதி உட்கார்ந்திருந்தது. அரசருக்குப் புண்ணியக் கணக்கும் இருந்தது. ஆனால் ஏற்பாட்டைப் பாருங்கள். நீ எந்த ஊர், உன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது அங்கே முதல் கேள்வி இல்லை. வாசலுக்கு வந்துவிட்டால் போதும். அப்புறம், பணம் வருஷா வருஷம் மேலே கையேந்தி வாங்குவதாக இல்லை, நிலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. இன்னொன்றும் உண்டு. வழிப்போக்கருக்குக் கொடுப்பதில் சமைத்த சோறு ஒன்று, அரிசி பருப்பாகக் கொடுக்கும் உலுப்பை இன்னொன்று. அடுப்பு மூட்ட முடிகிறவருக்கு உலுப்பை, முடியாதவருக்குச் சோறு. சின்ன விஷயம்தான், ஆனால் 2020-இல் நாம் சறுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

சத்திரத்துக்கு அடுத்தது நாகப்பட்டினம். ரப்பர் தோட்ட வேலைக்கு மலேயா போனவர்கள் பெரும்பாலும் ஏறியது இரண்டு இடங்களில், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும். 1907-இல் மலேயாவில் தமிழ்க் குடியேறிகளுக்கென்று ஒரு நிதியை உண்டாக்கினார்கள். இந்தியக் கூலிகளை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் அதற்கு வரி கட்ட வேண்டும். ஆளை அவரே கங்காணி என்கிற ஆள் பிடிக்கும் மேஸ்திரியை அனுப்பிக் கூட்டி வந்தாரா, அடுத்த தோட்டத்துக்காரர் கூட்டி வந்தவரை இழுத்துக்கொண்டாரா என்பது பேச்சில்லை. எத்தனை ஆள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற கணக்கில் கட்ட வேண்டியதுதான். அந்தப் பணத்தில்தான் கிராமத்திலிருந்து நாகப்பட்டினம் வரை ரயில் கட்டணம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் டிப்போவில் தங்கல், சாப்பாடு, அம்மைத் தடுப்பூசி, கப்பல் டிக்கெட் எல்லாம். சென்னைப் பக்கத்துக்கு ஆவடியில் இதே மாதிரி இன்னொரு டிப்போ. வேலை செய்ய முடியாமல் போனவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் இதே நிதியில்தான். 1930 பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இப்படிக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசு இந்த உதவிக் குடியேற்றத்தையே தடை செய்தது.

இதில் மனிதாபிமானம் எதுவும் இல்லை. ஆள் சாகாமல் போய்ச் சேர வேண்டும், போன உடனே பால் வெட்ட வேண்டும், வேலை இல்லாதபோது சும்மா வைத்துச் சோறு போடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வேறு. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் மலேயா போன தாத்தாக்களைப் பற்றிய கதைகளில் டிப்போ நல்ல பெயரோடு வருவதே இல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு அந்தக் கொடுமைக்காரர்களிடம் தெளிவான பதில் இருந்தது: வழிச்செலவு யாருடையது? உழைப்பால் லாபம் பார்க்கிறவனுடையது. அதைத் தனித்தனி முதலாளியின் மனசாட்சிக்கு விடாமல் எல்லோரிடமும் வரியாக வாங்கிப் பொதுவில் வைத்தார்கள்.

இப்போது 2020-க்கு வருவோம்.

மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, பன்னிரண்டு மணிக்கு கொரோனா ஊரடங்கு. நடுவில் நாலு மணி நேரம். பயணிகள் ரயில் அதற்கு முன்பே நின்றுவிட்டது. நடந்து கிளம்பியவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். சோலாப்பூரிலிருந்து நடந்தும் லாரி ஏறியும் திருச்சி வந்து சேர்ந்த நம் டெல்டா பையன்களைப் பற்றிக்கூடச் செய்தி வந்தது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அரசு என்ன செய்தது, எந்தச் சட்டத்தில், எந்தப் பணத்தில் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் உண்டு. நம் மாதிரி மாநிலத்துக்கு முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநிலம். வெள்ளத்தில் பயிர் மூழ்கினால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வருகிறதே, அந்தப் பணம்தான். அதை எதற்குச் செலவு செய்யலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், சுனாமி இப்படி. அரசே போட்ட உத்தரவால் வழியில் மாட்டிக்கொண்டவர் அந்தப் பட்டியலில் எங்கே வருவார்? வரவே மாட்டார். அதனால் மார்ச் 28 அன்று உள்துறை அமைச்சகம் தனியாக ஒரு உத்தரவு போட்டு, மாட்டிக்கொண்ட தொழிலாளர்களின் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் இந்த நிதியைத் தொடலாம் என்றது. அடுத்த நாளே, மார்ச் 29, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் இன்னொரு உத்தரவு: யாரும் நகரக் கூடாது, இருக்கிற இடத்திலேயே மாநில அரசு முகாம் போட்டுச் சோறு போட வேண்டும், ஏற்கெனவே கிளம்பிவிட்டவர்களை 14 நாள் தனிமைப்படுத்த வேண்டும், முதலாளி சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது, வீட்டுக்காரர் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது.

இந்த இரண்டு உத்தரவையும் சேர்த்துப் படித்தால் நடந்தது புரிகிறது. வழியில் இருப்பவருக்கு உதவ இயந்திரத்திடம் வழி இல்லை, ஆகவே முதலில் அவரை வழியில் இருக்க விடாமல் நிறுத்தியது. நிறுத்திய பிறகு அவரும் ஒரு முகவரி ஆகிவிட்டார்: இன்ன ஊர் அரசு மேல்நிலைப்பள்ளி, இன்ன கல்யாண மண்டபம். இனி பட்டியல் எழுதலாம், கணக்கு வைக்கலாம், தாசில்தார் கையெழுத்துப் போடலாம். நோய் பரவாமல் தடுக்க நிறுத்தினார்கள் என்பது உண்மைதான். ஆனால் உதவி செய்யத் தெரிந்த ஒரே முறை அதுதான் என்பதும் உண்மை.

அந்த ஏப்ரலில் எங்கள் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்த எட்டு வெளிமாநிலப் பையன்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்க நானும் இரண்டு நண்பர்களும் அலைந்தோம். தமிழக அரசு வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, எண்ணெய் என்று அறிவித்திருந்தது. நல்ல அறிவிப்பு, பல மாநிலங்கள் அந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை. ஒரு அலுவலகத்தில் பட்டியலில் பெயர் ஏற இரண்டு நாள், அரிசி வர இன்னும் மூன்று நாள். வந்த அரிசியைப் பார்த்து அந்தப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மில் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். மெஸ் மூடிவிட்டது. அடுப்பு இல்லை, குண்டான் இல்லை, சிலிண்டர் இல்லை. 120 கிலோ அரிசி சுவரோரம் அடுக்கியிருக்க, சாயந்திரம் எங்கள் வீட்டிலிருந்து தயிர்சாதம் போனது. உலுப்பை வேறு, சோறு வேறு என்று சரபோஜி காலத்துச் சத்திரத்துக்குத் தெரிந்திருந்தது, நமக்குத் தெரியவில்லை. மாநகராட்சி, நகராட்சிகளில் இருந்த அம்மா உணவகங்கள் அந்த நாட்களில் அவ்வளவு பேருக்குக் கைகொடுத்ததற்குக் காரணமும் இதேதான். அங்கே சமைத்த சோறு இருந்தது, கார்டு கேட்கும் ஆள் இல்லை. ஆனால் ஊராட்சிப் பக்கம் அது கிடையாது.

பிறகு ரயில். ஏப்ரல் 29-இல் பேருந்தில் போகலாம் என்று அனுமதி, மே 1-இல் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்பும் சிறப்பு ரயிலான ஷ்ரமிக் ரயிலில் முதலாவது, தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்கண்டின் ஹட்டியாவுக்கு. இந்த ரயில் எப்படி ஓடியது என்பது முக்கியம், ஏனென்றால் குழப்பம் முழுக்க அதில்தான். முதல் சில வாரங்களில் அனுப்பும் மாநிலம் பட்டியல் கொடுக்க வேண்டும், வாங்கும் மாநிலம் சம்மதிக்க வேண்டும், அப்புறம்தான் ரயில்வே வண்டி விடும். வாங்கும் மாநிலம் இப்போது வேண்டாம் என்றால் இந்தப் பக்கம் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். மே 20 அன்று ஆம்பன் புயல் வங்கத்தைப் புரட்டிப் போட்டது. மே 26 வரை வண்டி அனுப்பாதீர்கள் என்று அந்த அரசு கேட்டுக்கொண்டது. நியாயமான வேண்டுகோள்தான், அவர்கள் நிலைமை அப்படி. ஆனால் அந்த ஒரு வாரம் ஊரில் வீடு என்ன ஆனது என்று தெரியாமல் நம் மாநிலத்தில் எத்தனை பேர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று கஜாவைப் பார்த்த நமக்குத் தெரியும்.

கட்டண விஷயம் அதைவிட அசிங்கம். 85 சதவீதம் ரயில்வே, 15 சதவீதம் மாநிலம் என்றார்கள் மேலே. கீழே பல இடங்களில் தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்துதான் டிக்கெட் பணம் போனது. மே 26-இல் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, 28-இல் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நான் பல முறை படித்திருக்கிறேன், ஏனென்றால் வழியில் இருப்பவருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நேரான பதில் சொன்ன அரசுக் காகிதம் வேறு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது, மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஏறும் ஸ்டேஷனில் சோறும் தண்ணீரும் கிளம்பும் மாநிலத்தின் வேலை. ரயிலுக்குள் ரயில்வேயின் வேலை. பேருந்தில் போனால் அங்கேயும் கொடுக்க வேண்டும். நடந்து போகிறவர்களைக் கண்டால் தங்குமிடம் கொடுத்து வண்டி ஏற்றிவிட வேண்டும். ஸ்டேஷன், ரயில், பஸ், ரோடு என்று வழியைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொறுப்பாளியை எழுதியது அது. இதை எழுத இரண்டு மாதம் ஆனது. மே 8 அன்று அவுரங்காபாத் பக்கம் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 பேர் மேல் சரக்கு ரயில் ஏறி இருபது நாள் ஆகியிருந்தது.

மொத்தம் 4,600-க்கும் மேற்பட்ட ரயில்கள், சுமார் 63 லட்சம் பேர். வேறு எந்த நாடும் செய்யாத காரியம் என்று சொல்கிறார்கள், இருக்கலாம். அதே ரயில்களில் 97 பேர் இறந்தார்கள் என்று செப்டம்பரில் மாநிலங்களவையில் அரசே சொன்னது. வழியில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டபோது கணக்கு இல்லை என்றது. இல்லாமல்தான் இருக்கும். வழியில் செத்தவரை எந்த மாவட்டக் கணக்கில் எழுதுவது?

சரி, பணம் இல்லாமலா இப்படி ஆனது என்றால், இல்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. கட்டும் செலவில் ஒரு சதவீதம் செஸ் என்கிற தனி வரி. 2020 மார்ச்சில் மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் இந்த நிதியில் சுமார் 52,000 கோடி ரூபாய் இருப்பதாகச் சொன்னது. யோசித்துப் பார்த்தால் இது மலேயா நிதியின் பேரன். முதலாளியிடம் வரி வாங்கித் தொழிலாளிக்கு. ஆனால் தாத்தாவிடம் இருந்த ஒன்று பேரனிடம் இல்லை. அந்த நிதி ஆள் போகும் பாதையில் செலவானது, இது வாரியத்தில் பதிவு செய்த ஆளுக்குத்தான் போகும். பீகாரில் பதிவு செய்து தஞ்சாவூரில் கான்கிரீட் போடுபவர் இரண்டு பக்கமும் இல்லாமல் போவார். நடவு ஆளுக்கோ செஸ்ஸே கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால் 1979-இலேயே மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டி வந்தால் பொருந்தும். போக வர வழிச்செலவு ஒப்பந்தக்காரர் கொடுக்க வேண்டும், பயணம் செய்யும் நாட்களுக்கும் வேலை செய்ததாகவே வைத்துச் சம்பளம் தர வேண்டும், வீட்டை விட்டு வருவதற்குத் தனி அலவன்ஸ். அருமையான சட்டம். நடந்தது நேர் எதிர்: ரயில் டிக்கெட்டை ஏஜெண்ட் எடுத்துக் கொடுப்பார், அது அட்வான்ஸ், அதைக் கூலியில் பிடித்துக்கொள்வார். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்தச் சட்டத்தை விழுங்கிவிட்டது. அதில் ஒரு நல்லது உண்டு. ஏஜெண்ட் இல்லாமல் தானாகவே வந்தவரும் இப்போது புலம்பெயர் தொழிலாளிதான். ஆனால் ஐந்து பேர் என்பது பத்து பேர் ஆகிவிட்டது. அதோடு டெல்டாவில் இன்றைக்கு ஒருத்தர் வயல், நாளைக்கு அடுத்தவர் வயல், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேச்சு. மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் முதலாளியா, மேஸ்திரி முதலாளியா? வழிச்செலவைக் கொடு என்று எந்த இன்ஸ்பெக்டர் யாரிடம் போய் நிற்பார்?

2020-க்குப் பிறகு ஒன்றுமே மாறவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டையை எல்லா மாநிலமும் 2021 ஜூலை 31-க்குள் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. அமைப்புசாராத் தொழிலாளர் பதிவுக்கான இ-ஷ்ரம் தளம் அந்த ஆகஸ்டில் வந்தது. இப்போது வங்கத்து ஆள் நீடாமங்கலம் ரேஷன் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். குடும்பம் ஊரில் தன் பங்கை வாங்க, இவர் இங்கே தன் பங்கை வாங்கலாம். கிடைப்பது மத்திய ஒதுக்கீடு மட்டும்தான். நம் கார்டுக்குக் கிடைக்கும் பருப்பும் எண்ணெயும் வராது. இருந்தாலும் பெரிய மாற்றம்தான் இது, கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் கவனியுங்கள், இது வந்து சேர்ந்தவருக்கு. நாற்பது நாள் தங்கி நடவு முடித்து அடுத்த மாவட்டம் போகிறவர் கடை திறக்கும் நாளில் வரிசையில் நிற்பாரா, அன்றைய கூலியை விட்டுவிட்டு? மூன்று நாள் ரயிலில் இருப்பவருக்கோ அது வெறும் அரிசி, திரும்பவும் அடுப்பில்லாத அரிசி.

நம் ஆட்கள் வெளியே போகும்போது கதை கொஞ்சம் வேறு. முத்துப்பேட்டை, மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. பாஸ்போர்ட் மாதிரியான தூதரகச் சேவைகளுக்கு வாங்கும் கட்டணத்தில் சின்னதாக ஒரு தொகை அதற்குப் போகிறது. மாட்டிக்கொண்டவருக்குத் தங்க இடம், சாப்பாடு, விமான டிக்கெட், இறந்தால் உடலை ஊருக்கு அனுப்புவது எல்லாம் அதிலிருந்து செய்யலாம். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் பத்து லட்சம் ரூபாய் காப்பீடு கட்டாயம். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தீ விபத்தில் இந்தியர்கள் 45 பேர் இறந்தபோது இரண்டாம் நாளே விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்கு வந்தன. அங்கிருந்து நம் மாநிலத்தவர்களின் உடல்கள் சாலை வழியாக ஊர் வந்தன. எல்லையைக் கடப்பவர் முத்திரை குத்தி, பதிவாகிப் போகிறார், அரசுக்கு அவரைத் தெரியும். ஹவுராவில் ரயிலேறுகிறவர் எந்தக் கவுண்டரையும் கடப்பதில்லை, முன்பதிவில்லாத டிக்கெட்டைத் தவிர. 2017 பொருளாதார ஆய்வறிக்கை வருஷத்துக்கு சுமார் 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்கள் என்று கணக்கிட்டது அந்த முன்பதிவில்லா டிக்கெட்டுகளை வைத்துத்தான். (இலங்கை அகதிகளும் மண்டபம் முகாமும் இதே கேள்வியின் இன்னொரு பக்கம், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத்தவர்களைத் தாக்குகிறார்கள் என்று பரவிய போலி வீடியோக்களை நம்பி வட மாநிலத் தொழிலாளர்கள் ரயில் ரயிலாகக் கிளம்பியபோது அரசு வேகமாக வேலை செய்தது. போலீஸ் உதவி எண், இந்தியில் அறிவிப்பு, பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அன்றைக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது சோறு இல்லை, அவர்கள் மொழியில் ஒரு நம்பகமான வார்த்தை. அதையும் உதவிக் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

புதுத் திட்டம், புது வாரியம் எல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி. நடவு, அறுவடை என்று ஆள் எப்போது வரும், எந்த ஸ்டேஷனில் இறங்கும் என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நீடாமங்கலம், அவ்வளவுதான். ஆண்டுக்கு மூன்று மாதம், இந்த ஐந்து இடத்தில் ராத்தங்க ஒரு கூரை, காலையில் சமைத்த சாப்பாடு, வங்காளியும் இந்தியும் தெரிந்த ஒருத்தர், வந்தவர் பெயரையும் யார் வயலுக்குப் போகிறார் என்பதையும் எழுத ஒரு நோட்டு. செலவுக்கு நெல் கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு ஒரு சின்னத் தொகை எடுத்து வைக்கலாமே என்று ஒரு விவசாயச் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். ஏற்கெனவே மூட்டைக்கு இவ்வளவு என்று லோடுமேனுக்கு அழுகிறோம், அது போதாதா என்று ஒரு பெரியவர் எழுந்து நின்று திட்டினார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவருக்கே நெல் காசு வந்து சேர மாதக்கணக்காகிறது. கட்டடத்துக்கு ஒரு சதவீதம் என்றால் சரி, வயலுக்கு யாரிடம் வாங்குவது என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை. சத்திரத்துக்கு விட்ட நிலங்களின் கணக்கைப் பார்க்க மாவட்ட ஆட்சியரின் கீழ் சத்திரம் நிர்வாகம் என்று ஒரு பிரிவு தஞ்சாவூரில் இன்னும் இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேட்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

அன்று காலை கேட் திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் வயல்காரர் அனுப்பிய டிராக்டர் வந்துவிட்டது. டீக்கடைக்காரர் பன் பாக்கெட்டுகளை எடுத்துக் கொடுக்க, மேஸ்திரி காசு எண்ணிக் கொடுத்து, யார் யார் எத்தனை எடுத்தார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். கூலியில் கழிக்க. பிறகு டிரெய்லரில் ஏறியவர்களின் தலையை விரலால் எண்ணினார். இருபத்து மூன்று. குண்டானோடு நின்ற ஆள் கடைசியாக ஏறினார், அதற்கு முன்னால் என்னிடம் சைகையில் தண்ணீர் எங்கே பிடிக்கலாம் என்று கேட்டார். நான் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கையைக் காட்டினேன். அங்கே தண்ணீர் வரவில்லை என்று தலையை ஆட்டினார்.